சிங்கப்பூர் சமையல் குறிப்பில் வரும் ‘டர்னிப்’ எந்தக் கிழங்கு? பொப்பியா கசந்துவிட்டது, உதவுங்கள்

பாகான் மகள் (பர்மிங்ஹாம்), சனி இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவள். பதினோரு வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். அம்மா இரண்டு மாதமாக என்னுடன் தங்கியிருக்கிறார். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து போனது; அதிலிருந்து சாப்பாட்டில் நாட்டமே இல்லை. ரசம் சோறு, இடியாப்பம், கஞ்சி எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை.

போன வாரம் அவராகவே வாய்திறந்து ஒன்று கேட்டார். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பக்கத்து வீட்டில் ஒரு ஹொக்கியன் சீன ஆண்ட்டி இருந்தார். செங் பெங் வரும்போது, அதாவது அவர்கள் முன்னோர் கல்லறைக்குப் போய் வணங்கும் ஏப்ரல் மாத நாளில், பொப்பியா, அதாவது மெல்லிய மாவுத் தோலில் வெந்த காயை வைத்துச் சுருட்டும் பண்டம், செய்து மதில்மேல் தட்டை நீட்டுவார். எங்களுக்கென்று பன்றி இறைச்சி சேர்க்காமல் தனிச் சட்டியில் செய்வார். அந்தப் பொப்பியாதான் அம்மாவுக்கு வேண்டுமாம். ஆண்ட்டி இறந்து ஆறு வருடம் ஆகிறது.

இணையத்தில் ஒரு சிங்கப்பூர்க் குறிப்பைத் தேடி எடுத்தேன். ‘டர்னிப் 1 கிலோ’ என்று எழுதியிருந்தது. கடையில் டர்னிப் என்றே எழுதி விற்றதை வாங்கினேன். ஊதா நிறம் படர்ந்த வெள்ளை உருண்டை. அரிந்து ஒரு மணி நேரம் வேகவிட்டேன். வீடு முழுக்கக் கடுகும் முட்டைக்கோசும் கலந்த நெடி. உள்ளீடு கசந்தது, குழைந்தும் போனது. அம்மா ஒரு கடி கடித்துவிட்டு, என் மனம் நோகக்கூடாது என்று தண்ணீர் குடித்து விழுங்கினார்.

ஆண்ட்டியின் பொப்பியாவில் இருந்தது இனிப்பான ஒன்று. நன்றாக வெந்திருக்கும், ஆனாலும் பல்லில் ஒரு நறுக்கென்ற பதம் இருக்கும். அது என்ன கிழங்கு?

கிள்ளான்வாசி, சனி இரவு 10:05

அது செங்குவாங், சகோதரி! நீங்கள் சின்ன வயதில் ரோஜாக் கலவையில் பச்சையாகத் தின்றிருப்பீர்களே, அதே செங்குவாங்தான். சீனர்கள் பங்குவாங் என்பார்கள். பாசாரில் மண் ஒட்டிய பழுப்புத் தோலோடு, பெரிய பம்பரம் மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். டர்னிப்புக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.

பாகான் மகள், சனி இரவு 10:11

ஐயோ, செங்குவாங்கா! பச்சையாக எவ்வளவோ தின்றிருக்கிறேன். வேகவைத்ததும் அதுதான் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அப்படியென்றால் ஏன் டர்னிப் என்று எழுதுகிறார்கள்?

தேக்காக்காரன் (சிங்கப்பூர்), ஞாயிறு காலை 7:30

இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஈரச்சந்தையில் அட்டையில் ‘டர்னிப்’ என்று எழுதியிருக்கும், கீழே செங்குவாங் கிடக்கும். பொப்பியாக் கடையில் ஆங்கிலத்தில் பேசினாலும் டர்னிப் என்றுதான் சொல்வார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆங்கிலம் பேசும் வீடுகளில் தலைமுறைகளாகப் பழகிப்போன பேச்சு. குறிப்பு எழுதியவர் தன் வீட்டு வார்த்தையை எழுதியிருக்கிறார், அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் ஊர் தாண்டிப் போகும் குறிப்பில் ஒரு வரி விளக்கம் போட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் ஒரு கிலோ காயையும் அம்மாவின் ஒருவேளைப் பசியையும் இழந்தீர்களே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘சூன் குவே’ தெரியுமா? தியோச்சூ சீனர்களின் ஆவியில் வேகும் அரிசிமாவுக் கொழுக்கட்டை. ‘சூன்’ என்றால் மூங்கில் குருத்து. பெயரில் மூங்கில் இருக்கிறது, இன்று உள்ளே பெரும்பாலும் இருப்பது செங்குவாங். சீனாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்க் காய்க்குப் பதிலாக இங்கே மலிவாக, இனிப்பாக, நிறையக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள்.

யாழ்ச்சுவை (டொராண்டோ), ஞாயிறு மாலை 4:18

தங்கச்சி, சீனக் கடையில் ‘யாம் பீன்’ அல்லது ‘ஜிக்காமா’ என்று கேளுங்கள். ஹொங்கொங் ஆக்கள் நடத்தும் கடை என்றால் ‘சா கொட்’ என்றாலும் விளங்கும். இஞ்சை டொராண்டோவில் பெரிய மரக்கறிக் கடைகளிலேயே இருக்கு. மெக்சிக்கோவில் இருந்து வருகிறது.

எனக்கு இதைப் பழக்கியது என்னோடு வேலை செய்த ஒரு மெக்சிக்கோப் பெண். அவை இதைச் சமைக்கிறது குறைவு. தோலைச் சீவி விரல் நீளத்துக்கு வெட்டி, தேசிக்காய்ப்புளி விட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பச்சையாகத் தின்பினம். முதல்நாள் ஒரு துண்டு தந்தா, அவ்வளவுதான், அடுத்தநாளே நான் வாங்கப் போனேன். நாங்கள் மாங்காயை உப்பு, தூளோடு தின்ற நினைவு அப்படியே வந்தது.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு ஏற்ற பாரம் இருக்க வேணும். தோல் மெல்லிசாக, சுருங்காமல் இருக்க வேணும். நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக ஈரம் தெரிந்தால் நல்லது. மிகப் பெரியதை விடுங்கோ, முற்றினால் தும்பு விழுந்து மரக்கட்டை போல இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது. இது வெப்பநாட்டுக் கிழங்கு, 10 பாகைக்குக் கீழே கனநாள் கிடந்தால் உள்ளே பழுப்பாகிக் கெட்டுவிடும். ஈரம் இல்லாத, அவ்வளவு குளிராத மூலையில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். வெட்டினதை மட்டும் மூடிக் குளிரில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடியுங்கோ.

நளபாகம் (சேலம்), ஞாயிறு இரவு 8:02

சீனச் சமையலில் நறுக்கென்று கடிபடுவது வாட்டர் செஸ்ட்நட் அல்லவா? டின்னில் கிடைக்கிறதே, அதை வாங்கிப் போட்டால் போதும் என்று தோன்றுகிறது. வட இந்தியாவில் சிங்காடா என்று விற்பார்கள், அதே காய்.

தேக்காக்காரன், ஞாயிறு இரவு 8:40

பொப்பியாவுக்கு அது ஆகாது, அண்ணே. டின் காயில் சாறு போய்விட்டது. பொப்பியாவின் சுவையே செங்குவாங் தன் சாற்றை விட்டு, மறுபடி குழம்பைக் குடிப்பதில்தான் இருக்கிறது. மாற்று வேலை செய்வது எதிர்த்திசையில்தான்: பச்சை வாட்டர் செஸ்ட்நட் கிடைக்காத ஊரில் சீனர்கள் செங்குவாங்கைப் பொடியாக நறுக்கி இறைச்சி உருண்டையில் சேர்ப்பார்கள். அது நன்றாகவே இருக்கும்.

தாவரப்பித்தன், ஞாயிறு இரவு 11:25

நளபாகம் ஐயா சொன்னதில் ஒரு சிறு திருத்தம். சிங்காடா குளத்தில் மிதக்கும் கொடியின் கொம்பு முளைத்த காய். சீனர்களின் வாட்டர் செஸ்ட்நட் சேற்றில் வளரும் ஒரு கோரைப்புல்லின் அடிக்கிழங்கு. இரண்டும் வேறு வேறு குடும்பம். செங்குவாங் மூன்றாவது குடும்பம். அது அவரை, மொச்சை, துவரையின் இனம்.

இந்தச் செடியைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அறிவியல் பெயர் பாக்கிரைசஸ் இரோசஸ். பாக்கிரைசஸ் என்றால் தடித்த வேர். நாலைந்து மீட்டர் ஏறும் கொடி, மூன்று மூன்றாக இலை, நீலமோ வெள்ளையோ அவரைப்பூ, அப்புறம் தட்டையான காய். மேலே பார்த்தால் பந்தலில் படர்ந்த அவரை என்றே நினைப்போம். நாம் தின்பது மண்ணுக்குள் பருக்கும் வேர். வழக்கமாக அரைக் கிலோ, ஒரு கிலோவில் தோண்டிவிடுவார்கள். விட்டுவைத்தால் 20 கிலோ வரைகூடப் பருக்கும். அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகளில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நிலத்துக்கும் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ‘யாம் பீன்’ என்கிறார்கள். யாம் என்பது நம் வள்ளிக்கிழங்கு வகை, அதோடு இதற்குச் சம்பந்தமில்லை.

சீனச் சமையலின் கிழங்கு என்று நாம் பேசிக்கொண்டிருந்தாலும் பிறந்த ஊர் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். அங்குள்ள நாவாட்ல் மொழிப் பெயரிலிருந்து ஸ்பானியர் ‘ஹீக்காமா’ என்றார்கள். 1565 முதல் 1815 வரை மெக்சிக்கோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. வெள்ளியை ஏற்றிப் போய்ப் பட்டும் பீங்கானும் வாங்கி வந்த கப்பல்கள். அந்த வழியில்தான் இது பிலிப்பைன்ஸுக்கு வந்தது. அங்கே இன்றும் ‘சிங்காமாஸ்’ என்கிறார்கள், ஹீக்காமா என்ற சொல் அதற்குள் அப்படியே ஒலிக்கிறது. மணிலாவில் அன்று கடை வைத்திருந்த சீனர்களில் பெரும்பாலோர் ஃபூஜியான் மாநிலத்து ஹொக்கியன் மக்கள். பாகான் மகளின் ஆண்ட்டியுடைய முன்னோர் பேசிய அதே மொழி. சர்க்கரைவள்ளியும் இதே வழியாகத்தான் போனது. 1593-ல் சென் சென்லொங் என்ற வணிகர் அதை பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து ஃபூஜியானுக்குக் கொண்டுபோனதாகச் சீன வரலாற்றில் பதிவு இருக்கிறது.

பெயர்க் குழப்பம் சிங்கப்பூரோடு நிற்கவில்லை. ‘டீக்வா’ என்றால் தைவானில் சர்க்கரைவள்ளி. அதே சொல்லைச் சிச்சுவானில் சொன்னால் செங்குவாங்கை எடுத்துக் கொடுப்பார்கள். ஹூனானில் ‘லியாங்ஷூ’, குளிர்ந்த கிழங்கு என்று பொருள். வெயில் காலத்தில் பழம்போலக் கடித்துத் தின்பதால் வந்த பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அதுதான்.

ஹூக்ளிக் கரை, திங்கள் காலை 6:50

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் ஒன்பது வருடம் கொல்கத்தாவில் வேலை பார்த்தவன். நீங்கள் எல்லோரும் பேசுவது ஷாங்காலு! சங்கைப்போல வெள்ளையாக இருப்பதால் சங்கு உருளை. தை, மாசி மாதத்தில் சரஸ்வதி பூஜைக்குப் படைக்கும் பழத்தட்டில் இலந்தைப் பழத்தோடு இதுவும் இருக்கும். பீகாரில் மிஸ்ரிகந்த், அதாவது கற்கண்டுக் கிழங்கு. அங்கே யாரும் இதை அடுப்பில் ஏற்றி நான் பார்த்ததில்லை. வெங்காயம் உரிப்பதுபோல் தோலை உரித்துவிட்டு நேராக வாய்க்குத்தான்.

வங்காளத் தோழர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு எனக்காக ஒரு பை கொண்டுவருவார்கள். 27 மணி நேரப் பயணத்துக்குப் பிறகும் ஒரு வாட்டமும் இருக்காது.

பாடாங் கோத்தா (பினாங்கு), திங்கள் காலை 11:15

பினாங்கில் இருந்துகொண்டு இதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. செங்குவாங்கைச் சீனர் சாப்பாடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பசெம்பூர் எங்கே போனது? தமிழ் முஸ்லிம்கள், நம் மாமாக்காரர்கள், தள்ளுவண்டியில் வைத்து வளர்த்த பண்டம். செங்குவாங்கும் வெள்ளரியும் நூல்போல் அரிந்து கீழே பரப்பி, மேலே பொரித்த தவ்வு (சோயாக் கட்டி), இறால் வடை, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் வெட்டிப்போட்டு, சர்க்கரைவள்ளியும் வேர்க்கடலையும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பை ஊற்றுவார்கள். சூடான குழம்பின் கீழே அந்தக் குளிர்ந்த செங்குவாங் இல்லையென்றால் பசெம்பூர் திகட்டிவிடும், இரண்டு வாய்க்கு மேல் போகாது. கோலாலம்பூரில் ரோஜாக் மாமாக் என்பார்கள். என் தாத்தா பாடாங் கோத்தா கடற்கரையில் வண்டி வைத்திருந்தவர். பாட்டி காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு கூடை செங்குவாங் அரிவார். அவருடைய இடது கட்டைவிரலில் கத்தி தேய்ந்த தழும்பு கடைசிவரை இருந்தது.

அப்புறம் நோன்யா வீடுகளில், அதாவது மலாய்ப் பழக்கம் கலந்த பழைய சீனக் குடும்பங்களில், ‘ஜூ ஹூ சார்’. காய்ந்த கணவாயை மெல்லிசாக அரிந்து, செங்குவாங், காரட், காளானோடு சேர்த்து வதக்குவது. சலாட் இலையில் வைத்து, சம்பல் பிலாச்சான் (மிளகாயும் புளித்த இறால் விழுதும் அரைத்தது) தடவிச் சுருட்டிச் சாப்பிடுவார்கள். சீனப் பெருநாளுக்கும் முன்னோர் படையலுக்கும் கட்டாயம் இருக்கும்.

மாடித்தோட்டம் (கோயம்புத்தூர்), திங்கள் மதியம் 2:30

அருமையான இழை. கொடி என்கிறீர்கள், அவரை இனம் என்கிறீர்கள். விதை கிடைத்தால் மாடியில் பந்தல் போட்டு வளர்க்க ஆசை. காயும் அவரைபோல் இருக்குமென்றால் கிழங்கு ஒருபக்கம், காய்ப் பொரியல் ஒருபக்கம் என்று இரட்டை லாபம்தானே? முற்றிய விதையை மொச்சைபோல் ஊறவைத்துக் குழம்பு வைக்கலாமா?

தாவரப்பித்தன், திங்கள் மதியம் 2:41

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

விதையில் ரோட்டினோன் இருக்கிறது. பூச்சிமருந்தாகவும் மீன் கொல்லியாகவும் பயன்பட்ட நஞ்சு. உடம்பின் உயிரணுக்களில் ஆற்றல் தயாராகும் வேலையை அது தடுத்துவிடும். விதையை அவரை என்று நினைத்துச் சமைத்துத் தின்றவர்கள் உயிருக்குப் போராடிய நிகழ்வுகள் தைவானிலும் தாய்லாந்திலும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன, இறந்தவர்களும் உண்டு. வேகவைத்தால் போய்விடும் என்று நம்பக்கூடாது, அவர்களும் வேகவைத்துத்தான் தின்றார்கள். இலையும் தண்டும் முற்றிய காயும் அப்படியே. ஆடு மாட்டுக்கும் போடக்கூடாது.

தின்ன உகந்தது தோல் நீக்கிய கிழங்கு மட்டும்.

கிள்ளான்வாசி, திங்கள் மாலை 5:10

ரோட்டினோன் என்றதும் நினைவு வந்தது. எங்கள் அப்பா எஸ்டேட்டில் இருந்தபோது மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) ஆற்றில் ‘தூபா’ வேரை நசுக்கிப் போட்டு மீன் பிடிப்பார்களாம். மீன் மயங்கி மேலே மிதக்கும். அந்தத் தூபாவில் இருப்பதும் இதே நஞ்சுதான் என்று பள்ளியில் அறிவியல் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். மலாயில் ஒரு பழமொழிகூட உண்டு: பால் கொடுத்தவனுக்குத் தூபா தண்ணீர் கொடுத்ததுபோல.

ஆனால் என் மனைவி பிஞ்சுக் காயைச் சமைத்துத் தின்றதாகச் சொல்கிறாள், அவளுடைய ஊரில்.

தாவரப்பித்தன், திங்கள் மாலை 5:36

உங்கள் மனைவி சொல்வது உண்மையாக இருக்கும். விதை திரளாத இளம்பிஞ்சைச் சில நாடுகளில் சமைக்கிறார்கள். ஆனால் எந்த நாளில் பிஞ்சு காயாகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல அந்தச் செடியோடு வாழ்ந்த பழக்கம் வேண்டும். கோவை மாடியில் முதன்முறையாக வளர்ப்பவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மாடித்தோட்டம், வளர்ப்பதைக் கைவிட வேண்டியதில்லை. கிழங்குக்காக வளர்ப்பவர்கள் எப்படியும் பூவைக் கிள்ளிவிடுவார்கள். பூவும் காயும் இழுத்துக்கொள்ளும் சத்து அப்போது வேருக்குப் போகும், விளைச்சல் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். பூவைக் கிள்ளினால் காய் இல்லை, விதை இல்லை, ஆபத்தும் இல்லை. ஆழமான தொட்டி, மணல் கலந்த இளகிய மண், நீர் தேங்காமல் வடிய வேண்டும். ஆடி, ஆவணியில் விதைத்தால் மார்கழி, தையில் தோண்டலாம். பகல் குறுகும் மாதங்களில்தான் வேர் பருக்கிறது, சித்திரையில் விதைத்தால் கொடி மட்டும் காடாக ஓடும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதிலும் ஆய்வு செய்கிறது. பீகாரில் வெளியிட்ட ‘ராஜேந்திர மிஸ்ரிகந்த்-1’ என்ற ரகமும் இருக்கிறது. மீதி விதையைப் பெயர் எழுதிய டப்பாவில் பூட்டி வையுங்கள். சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

நெறியாளர், திங்கள் மாலை 6:00

விதை பற்றிய பதிவை இழையின் மேலே நிலைநிறுத்தியிருக்கிறேன். மாடித்தோட்டம் கேட்டது நல்ல கேள்வி, கேட்காமலே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சர்க்கரை ஐம்பது, திங்கள் இரவு 9:20

நீரிழிவுக்காரர்கள் தின்னலாமா? கிழங்கு என்றாலே வீட்டில் தடை போடுகிறார்கள்.

யாழ்ச்சுவை, செவ்வாய் காலை 6:12

நான் சாப்பாட்டு ஆலோசகராக வேலை செய்கிறனான், அதனால் சொல்கிறேன். 100 கிராமில் ஏறத்தாழ 90 கிராம் தண்ணீர். சக்தி 38 கிலோகலோரி. அவித்த உருளைக்கிழங்கு 87. மாவுச்சத்து 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதில் பாதிக்கு மேல், 4.9 கிராம், நார்ச்சத்து. விட்டமின் சி 20 மில்லிகிராம். பச்சையாக ஒரு கிண்ணம் தின்கிறதுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். இதில் இனுலின் என்ற நார் இருக்கு. இன்சுலின் இல்லை, பெயர் மட்டும் கிட்ட வரும். அது சிலருக்கு வயிற்றில் வாயு வைக்கும், முதல்நாள் கொஞ்சமாகத் தின்று பாருங்கோ. பொப்பியா வேறு கதை. அதில் இனிப்புச் சோஸும் மைதாத் தோலும் வருகிறது, அதைக் கணக்கில் எடுங்கோ.

பாகான் மகள், வியாழன் இரவு 8:30

கிடைத்துவிட்டது! சைனாடவுன் கடையில் ‘ஜிக்காமா’ என்றுதான் எழுதியிருந்தார்கள். இரண்டு வாங்கினேன், ஒன்றே முக்கால் கிலோ. அம்மா கையில் வாங்கியதுமே மூக்கில் வைத்து முகர்ந்து “மண் வாசம்கூட அதேதான்” என்றார். ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன், உப்பில்லாமலே தின்றார். இரண்டு மாதத்தில் அவர் கேட்டு வாங்கித் தின்ற முதல் பண்டம்.

ஞாயிறு பொப்பியா. சுருட்டும் தோல் உறைநிலையில் கிடைக்கிறது. உள்ளீடு எப்படி என்று வரிசையாகச் சொல்லுங்கள். துருவியில் துருவலாமா?

பாடாங் கோத்தா, வியாழன் இரவு 11:50

துருவாதே மகளே. துருவினால் தண்ணீர் கொட்டிப் பிழிந்த தேங்காய்போல் ஆகிவிடும், பல்லில் படும் பதம் போய்விடும். கத்திதான். அடியிலிருந்து நுனிக்குத் தோலைப் பிடித்து இழு, பட்டையாக உரியும். அதற்குக் கீழே நார் போன்ற இன்னொரு படலம் இருக்கும், அதையும் சீவி எடு. பலரும் இதை விட்டுவிட்டுத்தான் பிறகு சக்கை என்பார்கள். வட்டமாக மெல்லிசாக வெட்டி, அடுக்கி, தீக்குச்சி அகலத்துக்கு அரி. வெட்டி வைத்தால் கறுக்காது, அவசரம் வேண்டாம்.

சட்டியில் எண்ணெய் விட்டுச் சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாகப் பொரித்து எடுத்து வை. அதே எண்ணெயில் பூண்டு நிறையத் தட்டிப் போடு. ஊறவைத்துத் தட்டிய காய்ந்த இறால் ஒரு கைப்பிடி, வாசம் வரட்டும். ஒரு மேசைக்கரண்டி தௌச்சு. உப்பில் புளித்த சோயாப் பயறு, சீனக் கடையில் போத்தலில் இருக்கும். அது அடிபிடிக்கும் முன்னே செங்குவாங் முழுவதையும் கொட்டு. காரட் இரண்டு போடு, நிறத்துக்கு. முதலில் தண்ணீரே விடாதே, பத்து நிமிஷத்தில் அதுவே சாறு விடும். பிறகு இறால் தலையும் ஓடும் கொதிக்கவைத்து வடித்த நீரை விட்டு, மூடி, சின்னத் தீயில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கிடக்கட்டும். கவலைப்படாதே, டர்னிப்போல் குழையாது. சாறு வற்றி, வெள்ளை போய்த் தேன் நிறம் வரும்போது இறக்கு. உப்பைக் கடைசியில் பார், தௌச்சிலும் இறாலிலும் ஏற்கனவே இருக்கிறது.

சுருட்டும்போது தோல்மேல் சலாட் இலை, அதன்மேல் இனிப்புச் சோஸ், மிளகாய் அரைத்தது. பிறகு உள்ளீட்டைக் கரண்டியால் சட்டி ஓரத்தில் அழுத்தி வடித்து வை, இல்லையென்றால் தோல் கிழியும். முட்டை அரிந்தது, பொரித்த தவ்வு, பொரித்த வெங்காயம், சுருட்டு. பினாங்குக் கடைகளில் மேலே அந்தச் சாற்றையே ஊற்றித் தருவார்கள். உன் அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். சாற்றைக் கொட்டிவிடாதே.

பாகான் மகள், ஞாயிறு இரவு 7:55

செய்தேன். நீங்கள் சொன்னபடியே, கத்தியில் அரிந்து, முழுதாக ஒன்றரை மணி நேரம். மூடியைத் திறந்தபோது வந்த வாசத்தில் நான் கொஞ்ச நேரம் அடுப்பருகே சும்மா நின்றுவிட்டேன்.

அம்மா இரண்டு பொப்பியா சாப்பிட்டார். சாறு ஊற்றித்தான். மூன்றாவதில் பாதி. பிறகு ஒன்று சொன்னார்: “எல்லாம் சரி. ஆண்ட்டி மேலே ஏதோ தூவுவாள், பொடியாக, கருவாடு வாசம் அடிக்கும். அது இல்லை.” எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. அம்மாவுக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. தட்டையான ஒரு காய்ந்த மீனை எண்ணெயில் பொரித்து அம்மிக்கல்லில் இடிப்பாராம். யாருக்காவது தெரியுமா?

தேக்காக்காரன், ஞாயிறு இரவு 8:20 (சிங்கப்பூரில் விடியற்காலை, தூக்கம் வரவில்லை)

‘தீ போ’! நாக்குமீன் மாதிரித் தட்டையான மீனின் கருவாடு. நிதானமான தீயில் பொன்னிறமாகப் பொரித்து நொறுக்கித் தூவுவார்கள். ஃபூஜியானில் சியாமென் பக்கத்துப் பொப்பியாவில் இது முக்கியம். இங்கே பழைய கடைகளில் மட்டும்தான் இன்னும் போடுகிறார்கள், நிறைய வேலை என்று பலர் விட்டுவிட்டார்கள். உங்கள் ஆண்ட்டி தன் வீட்டு முறையை விடாமல் வைத்திருந்திருக்கிறார். உங்கள் அம்மா அதைக் கவனித்து வைத்திருக்கிறார் பாருங்கள்.

சீனக் கடையில் கருவாட்டு வரிசையில் பிளாஸ்டிக் பையில் முழு மீனாக இருக்கும். முள்ளை எடுத்துவிட்டுப் பொரியுங்கள். கறுகினால் கசக்கும்.

பாகான் மகள், ஞாயிறு இரவு 8:34

அம்மாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். “தீ போ, தீ போ, அதேதான், அவள் அப்படித்தான் சொல்வாள்” என்று கையைத் தட்டினார். நாளை மதியம் கடைக்கு அவரும் வருகிறாராம். இரண்டு மாதத்தில் வெளியே கிளம்புவது இதுதான் முதல் தடவை.

அரைச் செங்குவாங் மீதி இருக்கிறது. பாடாங் கோத்தா ஐயா, அந்தப் பசெம்பூர்க் குழம்புக்குச் சர்க்கரைவள்ளியை அவித்து மசிக்க வேண்டுமா, அரைக்க வேண்டுமா?

பாடாங் கோத்தா, திங்கள் காலை 9:05

அவித்து, சூடு ஆறும் முன்னே மசித்து, சல்லடையில் தேய்த்து விடு. அரைத்தால் பசைபோல் இழுக்கும். மீதியை மாலையில் எழுதுகிறேன். தாத்தாவின் அளவுகள் எல்லாம் டின் கணக்கில் இருக்கின்றன, அக்காவிடம் கேட்டுச் சட்டி அளவுக்குக் குறைத்துத் தர வேண்டும்.